சங்கம் போட்ட பூட்டு

கூடை தலையில் இருக்கும்வரை ஆதிலட்சுமியின் தலை அசையாது. இறக்கி வைத்துவிட்டால் நிற்காது. யார் எது சொன்னாலும், ஒன்றும் சொல்லாவிட்டாலும், மேலும் கீழுமாக மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். இளவயதிலிருந்து மீன் சுமந்த கழுத்து. தெரிந்தவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் போட்டவன் புதியவன்.

காரப்பொடி மீன் மூன்று பெட்டி. அவன் விலையை ஏற்றிக்கொண்டே போனான். ஒவ்வொரு விலைக்கும் ஆதிலட்சுமியின் தலை ஆடியது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். கடைசியில் அவள் மட்டும்தான் நின்றிருந்தாள்.

"எடுத்துக்கோ ஆயா. உன்னுது."

"எது?"

"மூணு பெட்டியும்."

"நான் எப்ப கேட்டன்?"

"வெலைக்கு வெலை தலையாட்டினியே. உன் மேலயே நீ ஏத்திக் கேட்டுக்கினு இருந்த."

"அது அப்பிடித்தான்டா ஆடும். அதுக்கு வெல ஒரு கேடா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். வீராம்பட்டினத்து அன்னக்கிளி மட்டும் சிரிக்கவில்லை. "பூவு இருந்தா இப்பிடி ஆயிருக்குமா?" என்றாள்.

அன்னக்கிளி சொன்னது ஆதிலட்சுமியின் மருமகள் பூவிழியை. ஏலம் கேட்பது எப்போதும் பூவிழிதான். கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டாலும் அவள் குரல் முன்னால் வந்து நிற்கும். ஆதிலட்சுமி கூடையைப் பார்த்துக்கொள்வாள். பிறகு மருமகள் முதலியார்பேட்டைத் தெருக்களில் சுமந்து விற்பாள், மாமியார் மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து விற்பாள். பூவிழி கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து இப்படித்தான்.

காரப்பொடி முள் நிறைந்த சின்ன மீன். ஒரு குழம்புக்கு மேல் யாரும் வாங்கமாட்டார்கள். வெயில் ஏறினால் வயிறு உடைந்துவிடும். கூட்டுக்காரப் பெண்கள் பெட்டிகளைத் தரையில் கவிழ்த்துக் கூறு போட்டார்கள். ஆளுக்கு ஒரு கூறு எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து ஏலம் எடுக்கிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோருடைய கூடையும் தலைக்கு ஏறும்வரை யாரும் கிளம்பமாட்டார்கள். நிறைந்த அன்னக்கூடையை ஒருத்தி தனியாகத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. எதிரில் இன்னொருத்தி நின்று கை கொடுக்கவேண்டும். கடைசிக் கூடைக்குப் படகிலிருந்து இறங்கும் ஆளோ ஐஸ் வண்டிக்காரனோ கை கொடுப்பார்கள்.

அன்று அன்னக்கிளி கை கொடுத்தாள். கூடை ஏறியதும் ஆதிலட்சுமியின் தலை நின்றது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம் அது. இரண்டு மாதம் வலை காய்ந்த பிறகு வருகிற மீன். மீன்காரிகள் வருடம் முழுவதும் இந்த வாரத்துக்காகக் காத்திருப்பார்கள். பூவிழி அந்த வாரத்தில் கடலூர் சாலையில் இருந்த பெண்கள் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தடைக்காலத்தில் ஆதிலட்சுமியின் மகன் வெற்றிவேலுக்கு வேலை இல்லை. ஐஸ் ஏற்றுகிறவன். படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு. சாராயக்கடைக்குப் போவான், வந்து சோற்றில் குறை சொல்வான், கை நீட்டுவான். முன்பும் அடித்திருக்கிறான். இந்த முறை தராசுக் கோலை எடுத்தான். பூவிழியின் இடது மணிக்கட்டு வீங்கி வளையல் உள்ளே புதைந்துவிட்டது. மாமியார்தான் வளையலை அறுத்தாள். மாமியார்தான் ஆட்டோ வைத்து மகளிர் சங்கத்துக்குக் கூட்டிப்போனாள். சங்கத்துக்காரர்கள் மருத்துவமனையில் காட்டி, போலீசில் எழுதிக்கொடுத்து, காப்பகத்தில் சேர்த்தார்கள். வெற்றிவேல் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று கோர்ட்டில் மனுவும் போட்டிருந்தார்கள். தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

மீந்த காரப்பொடியைக் குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆதிலட்சுமி காப்பகத்துக்குப் போனாள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புக் கேட்டு. நடுவில் பெரிய பூட்டு. காவலுக்கு இருந்த பக்கிரி தூக்கைத் திறந்து மோந்து பார்த்தார்.

"காரப்பொடியா?"

"எனக்கு வாச்சது அதான்."

"வாசம் நல்லாத்தான் இருக்குது. உள்ள போ."

வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பூவிழி ஒரு கையால் சோற்றைப் பிசைந்தாள். மறு கை கட்டுக்குள் இருந்தது.

"புளி கம்மி அத்த."

"மூணு பெட்டி காரப்பொடியப் பாத்தா யாருக்குப் புளி ஞாபகம் வரும்?"

ஏலத்தில் நடந்ததை ஆதிலட்சுமி சொன்னாள். பூவிழிக்குச் சிரிப்பில் புரையேறியது. காப்பகத்துக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நான் வந்துடறன்."

"எங்க?"

"வூட்டுக்குத்தான்."

"அவன் அங்கதான் படுத்துக்கினு இருக்கான். போடான்னாலும் போவல. நான் அவனுக்கு ஆக்கறதில்ல, ஓட்டல்ல தின்றான்."

"இருக்கட்டும். இங்க யாரும் அடிக்கல, சோறு போடறாங்க, ஃபேன் ஓடுது. இங்க பாத்துக்கற சரிதா மேடம் தங்கமான மனுசி. ஆனா இந்தக் கேட்டு ஆறு மணிக்குத்தான் தொறக்கும். நான் போய் எறங்கறதுக்குள்ள துறைமுகத்தக் கழுவி வுட்டுருப்பாங்க. மேடம்கிட்ட கேட்டன். ரூல்சுன்னாங்க. தையல் கத்துக்கோன்னாங்க. ஊசியில நூல் கோக்கற நேரத்துல நான் ஒரு பெட்டி சங்கரா வித்துடுவன் அத்த."

ஆதிலட்சுமியின் தலை ஆடிக்கொண்டிருந்தது. அது சம்மதம் இல்லை என்று பூவிழிக்குத் தெரியும்.

"நம்ம கூட்டு வண்டி ஏலத்துக்கு இந்த ரோட்டாலதான் போவுது," என்றாள் பூவிழி. "தெனமும் முழிச்சிக்கினு படுத்திருப்பன். அந்த சைலன்சர் சத்தம் தூரத்துலயே தெரியும். கேட்டுகிட்ட வரும்போது அன்னக்கிளியக்கா பேசறதுகூடக் கேக்குது. அப்பிடியே போயிடும். அடி வாங்கறத விட அது கஷ்டமா இருக்குது."

"வாயக் கழுவு."

"நெஜமா. மொத வாரம் போச்சுன்னா வாடிக்க போயிடும். சொல்தா வூட்டம்மா வேற ஆள் பாத்துட்டாங்கன்னா அப்புறம் திரும்பி வராது." சொல்தா வீட்டம்மா என்பது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற வீட்டுக்காரி. வஞ்சிரம் என்றால் தலையோடு வாங்குவாள்.

ஆதிலட்சுமி தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஞாயித்துக்கெழம வரிக்கும் இரு. அதுக்கு முன்ன கேட்டத் தாண்டின, உன் கால நான் ஒடைப்பன்."

மறுநாள் மீன் விற்ற கையோடு அவள் சங்கத்துக்குப் போனாள். மூடிக்கிடக்கும் மில்லுக்குப் பின்புறத் தெருவில் ஒற்றை அறை. மில் வேலை போன பெண்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். தலைவி சின்னப்பாப்பா, நூற்புப் பிரிவில் இருந்தவள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் இப்போதும் ரகசியத்தைக்கூடத் தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வாள்.

"இன்னா ஆதிலட்சுமி, உள்ள வா. மருமவ எப்பிடி இருக்கா?"

ஆதிலட்சுமி சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இரும்புக் கேட்டு. மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. கீழே உடைந்த பூசணிக்காய். பக்கத்தில் சின்னப்பாப்பா, கையில் ஒரு பெரிய பூட்டோடு.

"இந்தக் கேட்டு..."

"காப்பகத்துக் கேட்டுதான். நாங்க போராடி வாங்கினது," என்றாள் சின்னப்பாப்பா. அவள் முகம் மலர்ந்தது. "இந்த ஊர்ல சங்கம் கேட்டு கவுர்மெண்டு செஞ்ச மொதக் காரியம்."

"பூட்டும் உன்னுதா?"

"ரூல்சே எங்களுது. சாயங்காலம் ஆறுலேர்ந்து காலைல ஆறு. நாங்க எழுதிக் குடுத்தத அப்பிடியே போட்டாங்க."

"நல்லா எழுதின போ," என்றாள் ஆதிலட்சுமி. "எம் மருமவ ஞாயித்துக்கெழம அடி வாங்கறதுக்கு வூட்டுக்கு வரா. உன் பூட்டாலதான்."

அவள் ஏல நேரத்தைச் சொன்னாள். வண்டிச் சத்தத்தைச் சொன்னாள். சின்னப்பாப்பாவின் முகம் இறுகியது.

"உனக்குத் தெரியாது. கேட்டே இல்லாத காலத்துல ஒரு பொண்ணு அங்க இருந்தா. வெடிகாலைல கோலம் போட வந்தவள புருசன் ஆட்டோவுல இழுத்துப் போட்டுக்கினு போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சிக் கண்டுபுடிச்சோம். உசுரு இருந்துது. இப்ப ரெண்டு காதும் கேக்கறதில்ல அவளுக்கு. அப்பதான் போயி ரோட்டுல குந்தினோம். அதிகாரி எறங்கி வந்து இன்னா வேணும்னு கேட்டாரு. பூட்டு வேணும்னோம். தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? ஆட்டோவுல ஒருத்தன் வெளிய நிக்கறான்னு எம் மருமவ உள்ள கெடக்கணுமா? அதக் கேக்கறன்."

சின்னப்பாப்பா எழுந்து டீ போடப் போனாள். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அங்கிருந்து மில்லின் வாசல் தெரியும்.

"சங்கு ஊதி முடிஞ்சா அந்தக் கேட்டு மூடிடும்," என்றாள். அவள் மெதுவாகப் பேசுவதை ஆதிலட்சுமி முதல்முறையாகக் கேட்டாள். "பையனுக்குக் காய்ச்சல்னு லேட்டா ஓடி வருவன், கண்ணு முன்னால மூடுவான். கம்பியப் புடிச்சிக்கினு அழுதுருக்கன்."

டீ ஆறியது.

"நாளைக்கு ஏலத்துக்கு நானும் வரன். எனக்குக் காட்டு."

மறுநாள் அவள் வெளுத்த புடவையில், புதுச் செருப்பில் வந்தாள். மீன் தண்ணீரில் செருப்பு வழுக்கியது. அன்னக்கிளி அவளைப் பிடித்து ஓர் ஐஸ் பெட்டியின் மேல் உட்காரவைத்தாள். வானம் வெளுக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் மீன் செதில்கள் எல்லோருடைய கைகளிலும் மின்னின. தூரத்தில் வெற்றிவேல் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். தாயைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

"அவனும் இங்கதான வேல செய்றான்," என்றாள் சின்னப்பாப்பா. "அவ இங்க வந்தா கைய வெக்கமாட்டான்னு இன்னா நிச்சயம்?"

"வெக்கட்டுமே," என்றாள் அன்னக்கிளி. "அதே ஐஸ் பெட்டியில மீனு மாதிரி அடுக்கிடுவோம். யக்கா, இங்க நாங்க எத்தினி பேரு பாரு. வூட்டுலதான் அவ தனியா."

"வழியில?"

"வண்டியிலயும் நாங்கதான். அந்தக் கேட்டுகிட்ட நிறுத்தி ஏத்திக்கினு வரோம். நிறுத்த வேணான்னு யாராவது சொன்னாங்களா? தொறக்கத்தான் ஆளில்ல."

கூறு போடுவதையும், கடைசிக் கூடைவரை காத்திருப்பதையும் சின்னப்பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றே சங்கத்துப் பெண்களைத் தெருத்தெருவாக அனுப்பினாள். பூ கட்டுகிறவர்கள், நகராட்சிக் குப்பை வண்டிக்காரிகள், இட்லிக்கடைப் பெண்கள், கம்பெனி ஷிப்டுக்குப் போகிற பெண்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. வீட்டைவிட்டு ஓடிவர நேர்ந்தால், எந்த நேரத்துக்குக் கேட்டு திறந்திருக்கவேண்டும்? யாரும் ஆறு மணி என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, காப்பகத்தை நடத்தும் துறையின் அலுவலகத்தில் அதிகாரி இளஞ்செழியனைப் பார்க்க நேரம் கிடைத்தது. பூக்காரி ஒருத்தியும் குப்பை வண்டிக்காரி ஒருத்தியும் கூட வந்தார்கள். நாற்காலிகள் போதாமல் ஆதிலட்சுமி சுவரோரம் நின்றாள். அதிகாரி பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரு பழைய கோப்பைத் திறந்தார்.

"அம்மா, இந்த விதிய நீங்கதான் கேட்டிருக்கீங்க. உங்க கையெழுத்து இருக்கு."

"நான்தான் சார்."

"எங்க பக்கம்தான் அப்போ வேணாம்னு எழுதியிருக்காங்க. நீங்க ரோட்டுல உக்காந்திருக்கீங்க."

"ஆமாம் சார். கேட்டு வேணும்னு குந்தினது சரி. சாவி யார்கிட்ட இருக்கணும்னு யோசிக்கல. அது எங்க கொற. இப்ப அதுக்கும் குந்தச் சொன்னா குந்தறோம். முட்டி மட்டும்தான் வலிக்குது."

அதிகாரி சிரித்துவிட்டார். "வெளிய போற எடத்துல எதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"உள்ள இருக்க முடியாம வூட்டுக்குத் திரும்பிப் போயி எதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு சார்? அது உங்க கோப்புல வராது. அவ்ளோதான் வித்தியாசம்."

கோப்பில் ஒரு பக்கம் புரண்டது.

"சரி," என்றார் அதிகாரி. "விதிய மாத்தறது என் கையில இல்ல. செயலர்வரைக்கும் போகணும். ஆனா பூவிழிக்கு மட்டும் தனி அனுமதி இன்னைக்கே தரலாம்."

"ஒருத்திக்கு வேணாம் சார்," என்றாள் சின்னப்பாப்பா.

ஆதிலட்சுமி அவள் முதுகில் கிள்ளினாள். "குடுக்கறத எதுக்கு வேணான்ற? எம் மருமவ நாளைக்கு வரன்னு சொல்றா."

"ஒருத்திக்குக் குடுத்துட்டுக் கோப்ப மூடிடுவாங்கடி. இந்தப் பூக்காரிக்கு நாளைக்கு யாரு வருவா?"

அதிகாரி சுவரோரம் நிற்பவளைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"பூவிழிக்கு மாமியா."

"அப்போ அடிச்சது..."

"எம் புள்ளதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தபடி, "இந்த அனுமதி போதும்னு எழுதிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

ஆதிலட்சுமியின் தலை மேலும் கீழும் ஆடியது. அதிகாரி எழுதக் குனிந்தார்.

"சார், சார், அவ தலையப் பாக்காதீங்க," என்றாள் சின்னப்பாப்பா. "மூணு பெட்டி காரப்பொடி எடுத்த தலை அது. வாயக் கேளுங்க."

"போதாது சார்," என்றாள் ஆதிலட்சுமி. "ரெண்டு கூறா போட்டுக்குங்க. எம் மருமவளோடத இன்னிக்குக் குடுங்க, நான் எடுத்துக்கினு போறன். மத்தவங்களோடது பாக்கின்னு எழுதி இவங்க கையில குடுங்க. நீங்க குடுக்கற வரிக்கும் நாங்க எல்லாரும் வந்து வந்து நிப்போம். எங்க வழக்கம் அது. கடைசி ஆளோட கூடை ஏறாம கெளம்பமாட்டோம்."

அதிகாரிக்குக் கூடை விஷயம் புரிந்ததோ என்னவோ, இரண்டு காகிதம் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கூட்டு வண்டியின் சைலன்சர் சத்தம் தூரத்தில் கேட்டபோது பூவிழி தலைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியோடு கேட்டுக்கு உள்ளே நின்றாள். பக்கிரி பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அதைத் திறந்து அவருக்குப் பழக்கமில்லை.

"சீக்கிரம் தொறய்யா. மீனு கடலுக்குத் திரும்பிடும்," என்று வண்டியிலிருந்து அன்னக்கிளி கத்தினாள். முன் இருக்கையில் சின்னப்பாப்பா உட்கார்ந்திருந்தாள். இந்த முறை பழைய செருப்பு.

மற்றவர்களுக்கான காகிதம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. சின்னப்பாப்பா வாரம் தவறாமல் போனாள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொழில்காரிகளை அழைத்துப் போனாள். அலுவலகத்து வாசலில் இருக்கிறவர்கள் அவளைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப்போடத் தொடங்கினார்கள். ஆடி மாதம் வீராம்பட்டினத்துத் தேர் முடிந்த வாரத்தில் உத்தரவு வந்தது. தங்கியிருக்கும் பெண் தன் வேலை நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்துக்குக் கேட்டு திறக்கவேண்டும். கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதையும் அவளே சொல்லலாம். முதல் நாளே பூக்காரி ஒருத்தி பெயர் கொடுத்தாள். சின்னப்பாப்பா சுவரில் இருந்த படத்தைக் கழற்றவில்லை. துடைத்து மறுபடி மாட்டினாள்.

உத்தரவு வந்த மறுநாள் ஏலத்தில் பூவிழி இரண்டு பெட்டி சங்கரா எடுத்தாள். புதிய ஏலக்காரனுக்கு இப்போது அவள் குரல் பழகியிருந்தது. கூறு போட்டு முடித்தார்கள். ஆதிலட்சுமியின் கூடைக்குப் பூவிழி கை கொடுத்தாள். இடது மணிக்கட்டில் வளையல் இல்லை. அன்னக்கிளியும் மற்றவர்களும் ஏற்றிக்கொண்டார்கள். பூவிழியின் கூடை கடைசியாகத் தரையில் இருந்தது.

வெற்றிவேல் ஐஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். குடித்திருக்கவில்லை. சட்டை துவைத்திருந்தது. கூடைக்கு எதிரில் குனிந்து ஒரு பக்க விளிம்பைப் பிடித்தான்.

"புடி," என்றான்.

பூவிழி பிடிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண்கள் யாரும் நகரவில்லை. அவன் சிறிதுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு விளிம்பை விட்டான்.

அன்னக்கிளி தன் கூடையை மறுபடி இறக்கச் சொல்லி, வந்து எதிரில் நின்றாள். "எந்திரி தம்பி, வழி வுடு." இரண்டு பெண்களும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். கூடை ஏறியது.

வெற்றிவேல் தாயிடம் போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ம்மா. நீ சொன்னா அவ கேப்பா. வூட்டுக்குக் கூட்டிக்கினு வா. இனிமே ஒண்ணும் ஆவாது. சரியாம்மா?"

முதலியார்பேட்டையில் ஆதிலட்சுமி ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். தனக்கும் பூவிழிக்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். எது கேட்டாலும் ஆடுகிற தலை அது. சின்ன வயதிலிருந்து அவன் அதை நம்பித்தான் எல்லாம் கேட்டிருக்கிறான்.

கூடை நிறையச் சங்கரா. மேலே ஐஸ். தண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்தது. தலை அசையவில்லை.